எங்க ஊர் மரம்

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காபியோடு பின்பக்கம் வந்து நின்றால் தோட்டத்து சில்வர் ஓக் மரம் முழுக்க ஒரே இரைச்சல். ரெயின்போ லாரிகீட் கிளிகள். நீலத் தலை, பச்சை முதுகு, ஆரஞ்சு மார்பு, சிவப்பு மூக்கு. நாக்கு நுனி பிரஷ் மாதிரி இருக்கும், பூவில் விட்டுத் தேன் எடுக்க. பிரிஸ்பேனில் சில்வர் ஓக் பொன்னிறமாகப் பூத்துவிட்டால் இவர்கள் கச்சேரிதான்.

இந்த வீட்டை வாங்கியதே அந்த மரத்தைப் பார்த்துத்தான். நான் இடுக்கி மாவட்டம் வட்டவடையில் பிறந்தவன். மூணாறு போகிற வழியெல்லாம் தேயிலைக்கு நிழலாக நிற்கிற மரம். "எங்க ஊர் மரம்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். மனுஷர் சிரித்துவிட்டார். அதன் சொந்த ஊரே தென்கிழக்கு குவீன்ஸ்லாந்தும் அதை ஒட்டிய பகுதியும்தானாம். பி.காம். படித்து வங்கியில் கணக்குப் பார்ப்பவனுக்குத் தாவரவியல் அவ்வளவுதான் :-)

பதிலுக்கு நாமும் ஒன்று அனுப்பியிருக்கிறோம். மைனா! 1862இல் பூச்சி பிடிக்க மெல்போர்னுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது மரப்பொந்துகளைப் பிடித்துக்கொண்டு இங்குள்ள கிளிகளை விரட்டுகிறது என்று புகார்.

இதோடு சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அன்று இரவு தம்பி போன் செய்தான்.

"அண்ணே, கிராண்டிஸை வேரோட எடுத்துடலாம்னு பாக்கிறேன். ஊத்துல சொட்டுத் தண்ணி இல்ல. அப்பாதான் ஒத்துக்க மாட்டேங்கிறார்."

கிராண்டிஸ் யூகலிப்டஸில் ஒரு வகை. அதுவும் இந்த ஊர்க்காரன்தான். நான் உடுமலையில் படித்துக்கொண்டிருந்த 1998இல், பூண்டு விளைந்த மேல்தட்டில் அப்பா நட்டார். ஆள்கூலி மிச்சம், காட்டுப்பன்றி தொடாது. குறிஞ்சி பூத்த 2006இல் அதை வெட்டி விற்றுத்தான் தங்கச்சி கல்யாணம். கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்தது. நாங்கள் வரவை மட்டும் எழுதினோம். செலவுப் பக்கத்தில் ஊற்றை எழுதவில்லை.

பக்கத்திலேயே பழத்தோட்டத்தில், 2019 காட்டுத்தீக்குப் பிறகு, அதே ஆஸ்திரேலியாவின் வாட்டில் மரங்களை அகற்றிப் புல் நட்டுப் புல்வெளியை மீட்டார்கள். தம்பி அதைப் பார்த்துத்தான் துணிந்திருக்கிறான்.

அப்பாவைக் கூப்பிட்டேன்.

"சோறு போட்ட மரம்டா. உன் தங்கச்சி கழுத்துல கிடக்கிறது அதுதான்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் நடக்கப் போகிற ஓடைக்கரையில் அதே மரம் நிற்பதைச் சொன்னேன். ஆங்கிலத்தில் அதன் பெயரிலேயே வெள்ளம் இருக்கிறது என்றேன். ஈரத்தில் வளர்கிற ஜாதி.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அங்க ஓடையில தண்ணி இருக்கா?"

"இருக்குப்பா."

"அப்ப அது அங்கயே நல்லா இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணை மட்டும் விடச் சொல்லு."

கட்டை தோண்டுகிற கூலியில் பாதி நான் அனுப்பினேன். ஒன்றைத் தவிர எல்லாம் எடுத்தாயிற்று. பூண்டு போட்டிருக்கிறான். ஊற்று இன்னும் வரவில்லை. வருகிற ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறோம்.