பின் சீட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

பழைய கார் பார்க்க வருகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். அடுத்து மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு விலை பேச உட்கார்ந்துவிடுவார்கள். பின் கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்து பார்க்கிறவர்கள் அபூர்வம். கைக்குழந்தையும் எல்கேஜி போகிற பிள்ளையும் இருக்கிற வீட்டில், வண்டியில் காக்கப்பட வேண்டியவர்கள் இருக்கப்போவது அந்தப் பின் சீட்டில்தான். கோவையில் பழைய வண்டிகளைச் சோதித்துச் சொல்வது என் தொழில். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு என்றால் நான் வேலையை அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

முதலில் சீட் கவரைத் தூக்க வேண்டும். புது வண்டி வீட்டுக்கு வந்ததுமே தடித்த ரெக்சின் கவர் போட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். பின் சீட்டுப் பெல்ட்டின் பக்கிள்கள் அதற்கடியில் புதைந்துபோகும். பல வண்டிகளில் அவை வாங்கிய நாளிலிருந்து வெளிச்சத்தையே பார்த்திருக்காது. முன் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டியென்றால், அதற்கென்று தைக்காத கவர் அந்த ஏர்பேக் விரியும் வழியையே அடைத்துவிடும். கவரை விலக்கிய பிறகு, உட்காரும் பலகையும் சாய்மானமும் சேரும் இடுக்கில் விரலை விட்டுத் தடவுங்கள். 6 மில்லிமீட்டர் கனத்தில், 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்பட்டால் அதுதான் ஐசோஃபிக்ஸ். சைல்டு சீட்டை வண்டியின் உடம்போடு நேராகப் பூட்டுகிற இடம் அது. இல்லையென்றால் மூன்று முனைப் பெல்ட்டைக் கொண்டு கட்ட வேண்டும். பழைய மாடல்கள் பலவற்றில் நடு இடத்துக்கு இடுப்புப் பெல்ட் மட்டும்தான் இருக்கும். பெரும்பாலான சைல்டு சீட்டுகளை அதில் கட்ட முடியாது.

அடுத்தது பெல்ட். அதைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்ப்பேன். ஒரு ஹேட்ச்பேக்கை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண், "ஏனுங்ணா, பெல்ட்டை எதுக்கு இத்தனை தூரம் இழுக்கறீங்க?" என்று கேட்டார். சுருளுக்குள் ஒளிந்திருந்த கடைசி ஒரு சாண் நாடாவைக் காட்டினேன். குறுக்கே காவி நிறத்தில் ஒரு கோடு, நகத்தால் சுரண்டினால் மண் உதிர்ந்தது. வண்டியின் தரைவிரிப்பு புதிது, உள்ளே சென்ட் வாசம், சீட்டெல்லாம் பளபளப்பு. தண்ணீரில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடி நாடாவை யாரும் கழுவுவதில்லை. 2015 டிசம்பரில் சென்னையில் வந்த வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் மூழ்கிய வண்டிகள் ஏராளம். ஏர்பேக்கை எப்போது விரிக்க வேண்டும் என்று முடிவு செய்கிற கண்ட்ரோல் யூனிட் பெரும்பாலும் கியர் பக்கத்தில், தரையோடு தரையாக இருக்கும். உள்ளே தண்ணீர் ஏறினால் முதலில் நனைகிறவற்றில் அதுவும் ஒன்று. அந்த வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏர்பேக் விளக்கையும் இதே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். சாவியை 'ஆன்' வைத்ததும் அது எரிந்து, சில நொடியில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். பக்கத்து விளக்கோடு ஒரே கணத்தில் அணைந்தால் ஒயரைச் சேர்த்துக் கட்டியிருக்கலாம். விபத்தில் விரிந்த ஏர்பேக்கை மாற்றுகிற செலவு பெரியது; அதை மிச்சம் பிடிக்கத்தான் இந்த வேலையெல்லாம் நடக்கிறது. இதைச் செய்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் குறையவே இல்லை.

ஸ்டார் ரேட்டிங் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், நல்ல மாற்றம். ஆனால் பெரியவர்களுக்கு வேறு, குழந்தைகளுக்கு வேறு என்று இரண்டு ரேட்டிங் உண்டு. கார்களை மோதவிட்டுப் பார்க்கிற குளோபல் என்கேப் சோதனையில் 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் பெரியவர்களுக்கு 5 ஸ்டார் வாங்கியது, குழந்தைகளுக்கு 3. 2020இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி300 முடிவில் பெரியவர்களுக்கு 5, குழந்தைகளுக்கு 4. அந்தச் சோதனைகளில் ஒன்றரை வயது, மூன்று வயது அளவுப் பொம்மைகளைச் சைல்டு சீட்டில் கட்டித்தான் மோதவிட்டார்கள். அம்மா மடியில் உட்காரும் குழந்தைக்கு அந்த ஸ்டார் பொருந்தாது. முன்பக்கம் நசுங்கி டிங்கர் வேலை பார்த்த வண்டிக்கும் பொருந்தாது. அதனால்தான் கதவு ரப்பரை உரித்துப் பில்லரில் கம்பெனி வெல்டிங் புள்ளிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்றும், பானெட்டுக்கு அடியில் உள்ள அப்ரானில் சீலன்ட் புதிதாகப் பூசியிருக்கிறதா என்றும் பார்க்கிறேன். பம்பரில் கீறல், கதவில் டச்சப் எல்லாம் பரவாயில்லை. பில்லரில் கை வைத்த வண்டி, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பிள்ளைகளை ஏற்ற ஆகாது.

எந்த வண்டி என்பது வீட்டைப் பொறுத்தது. இரண்டு பிள்ளைகள், தாத்தா பாட்டி எப்போதாவது வருவார்கள் என்றால் ஐந்து சீட் போதும். ஏழு சீட்டில் மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் டிக்கி போய்விடும். அதில் உட்கார்கிற பிள்ளைக்கும் பின் கண்ணாடிக்கும் இடையில் இருப்பது சொற்ப இடம். கதவு அகலமாகத் திறப்பது சின்ன விஷயமாகத் தோன்றும். தூங்குகிற குழந்தையைக் குனிந்து சீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். டாடா ஆல்ட்ரோஸ் போன்றவற்றில் கதவு 90 டிகிரி வரை திறக்கும். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்வரத்தான் வண்டி என்றால் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வேண்டாம். குறுகிய ஓட்டத்தில் அதன் டிபிஎஃப் ஃபில்டர் புகைக்கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். பெட்ரோலே நல்லது. ஏசியை மத்தியானம் வெயிலில் நிறுத்திய வண்டியில், பின் சீட்டில் உட்கார்ந்து சோதியுங்கள். பின் கதவின் சைல்டு லாக்கைப் போட்டு, உள்ளேயிருந்து திறக்க முயன்று பாருங்கள்.

கடன் பாக்கி, இன்சூரன்ஸ் கிளெய்ம், பெயர் மாற்றம் இவற்றை எல்லோரும் சொல்வார்கள். ஒன்று மட்டும்: வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் சைல்டு சீட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு வண்டி பார்க்கப் போங்கள். கைக்குழந்தையின் சீட்டைப் பின்னோக்கிக் கட்டிய பிறகு, முன் சீட்டில் உங்கள் கால் இடிக்காமல் உட்கார முடிகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். ஏர்பேக் வேலை செய்கிற முன் சீட்டில் மட்டும் அதை ஒருபோதும் கட்டாதீர்கள். 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்குப் பெல்ட்டோ சைல்டு சீட்டோ போடாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தமே சொல்கிறது. சீட் இன்னும் வாங்கவில்லையென்றால், வண்டிக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் அதற்கும் நான்கு நல்ல டயருக்கும் எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சப் பணத்துக்கு எந்த வண்டி வருகிறதோ அதைத் தேடலாம்.