ஹேஸ்டிங்ஸ்: போர் பக்கத்து ஊரில், பெயர் இந்த ஊருக்கு

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸுக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது போர்க்களத்தை. அது இங்கே இல்லை. 1066 அக்டோபர் 14 அன்று நார்மண்டியின் வில்லியமும் இங்கிலாந்து மன்னன் ஹெரால்டும் மோதியது சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி. அங்கே வளர்ந்த ஊருக்குப் பெயரே பேட்டில். போரில் வென்ற வில்லியம் எழுப்பிய மடாலயமும் அங்கேதான். நார்மன் கப்பல்கள் கரை தொட்டதுகூடப் பக்கத்துப் பெவன்சியில். ஆனாலும் பாடப்புத்தகங்களில் அது ஹேஸ்டிங்ஸ் போர்தான். ஊரும் அந்தப் பெயரை மறுக்கவில்லை.

குன்றின் மேல் கோட்டை ஒன்று உண்டு. அதற்கு ஊர் தயங்காமல் உரிமை கொண்டாடலாம். வில்லியமின் ஆட்கள் அவசரமாக மண்மேடு குவித்து மரத்தால் எழுப்பியது. அந்த வேலை நடக்கும் காட்சி, இந்தப் படையெடுப்பைத் தையலில் சொல்லும் பேயூ திரைச்சீலையில் இருக்கிறது. பிறகு அது கல்கோட்டையானது. இப்படிக் கோட்டை கோட்டையாகக் கட்டித்தான் நார்மன்கள் நாட்டைப் பிடித்து வைத்தார்கள். 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக்கணக்கைப் புரட்டினால், பெரும் நிலக்காரர்களில் ஆங்கிலேயரைத் தேடத்தான் வேண்டும். ஹேஸ்டிங்ஸ் கோட்டையின் ஒரு பகுதியையோ 1287ஆம் ஆண்டுப் புயல் பாறையோடு சேர்த்துக் கடலில் தள்ளியது. எஞ்சியவை சில சுவர்கள்.

இடைக்காலத்தில் மன்னருக்குக் கப்பல் கொடுத்த ஐந்து துறைமுகங்களில் இந்த ஊரும் ஒன்று. நிர்வாக வரலாறு அவ்வளவு போதும்.

ஊரின் உயிர் கீழே, பழைய நகரத்தின் கூழாங்கல் கரையில். ஸ்டேட் என்பது அதன் பெயர். இங்கே இப்போது மீன்பிடித் துறைமுகம் கிடையாது. 1890களில் தொடங்கிய துறைமுகச் சுவர் முடியாமலே நின்றுவிட்டது. அதனால் படகுகளைக் கரையிலிருந்தே கடலில் தள்ளுகிறார்கள், திரும்பியதும் மேலே இழுக்கிறார்கள். முன்பு குதிரை சுற்றிய உருளை செய்த வேலையை இப்போது விஞ்சு இயந்திரமும் புல்டோசரும் செய்கின்றன. கரையிலிருந்து இறங்கும் படகுக்கூட்டங்களில் ஐரோப்பாவிலேயே பெரியது இதுதான் என்று ஊர்க்காரர்கள் சொல்லும்போது குரல் சற்று உயரும்.

பக்கத்தில் தார் பூசிய கரிய மரக்கொட்டகைகள், ஒல்லியாக, மாடி மாடியாக. நனைந்தால் மட்கும் நூல்வலைகளைக் காக்க வந்தவை. கரையில் இடம் குறைவு. பக்கவாட்டில் வளர முடியாமல் மேல்நோக்கி வளர்ந்தன. அருகே, மீனவர்களின் பழைய தேவாலயம் 1956 முதல் அருங்காட்சியகம். 1912இல் கட்டிய எண்டர்பிரைஸ் என்ற பாய்ப்படகை உள்ளே கொண்டுபோக அதன் சுவரையே இடித்தார்கள்! தொழிலை மதித்த காலம்.

இப்போது? 2012இல் மீனவர்களின் எதிர்ப்பை மீறி ஸ்டேடிலேயே கலைக்கூடம் வந்தது. 2010இல் எரிந்த, கடலுக்குள் நீளும் பொழுதுபோக்குப் பாலம் மீண்டும் எழுந்து, 2017இல் கட்டடக் கலைக்கான ஸ்டிர்லிங் பரிசு வாங்கியது. மறு ஆண்டே தனியாருக்கு விற்கப்பட்டது. படகுகளின் கதை வேறு: ஸ்டேடில் இருப்பவை போலவே நாட்டின் மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலானவை சிறியவை, பிடிக்க அனுமதிக்கும் மீன் ஒதுக்கீட்டில் அவற்றுக்கு வருவதோ சிறு பங்குதான். சுற்றுலா விளம்பரத்துக்கு வட்டாரத்தின் பெயர் ‘1066 நாடு’. வேறு ஊரில் நடந்த சண்டைக்கு இத்தனை செலவு செய்கிறவர்கள், விடியுமுன் கடலில் இறங்கும் படகுக்கு நாலு பெட்டி மீன் கூடுதலாகப் பிடிக்க அனுமதி வாங்கித் தரக் கூடாதா?