கிண்டியில் நம் பெயர்கள்

எங்கள் ஐயங்கார்குளத்தைச் சுற்றிப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். நடவாவிக் கிணறு, சஞ்சீவிராயர் கோயில், பெரிய குளம். குளம் வெட்டுவித்த தாத்தாச்சாரியார் பெயரை எல்லோரும் சொல்வார்கள். மண் சுமந்தவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை.

தோழர்கள் நாங்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு பஸ் ஏறினோம். கிண்டி சிறுவர் பூங்காவில் மான் பார்த்தோம், மர நிழலில் கட்டுச்சோறு பிரித்தோம். 'எந்தத் தெரு?' என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு காந்தி மண்டப வளாகத்துக்குப் போனோம். அங்கே இரட்டைமலை சீனிவாசன் மணிமண்டபம் இருக்கிறது. 1859இல் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். 1893இல் 'பறையன்' என்றே பெயர் வைத்து இதழ் நடத்தியவர். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர். 2023இல் திறக்கப்பட்ட அயோத்திதாசர் மணிமண்டபமும் அதே வளாகத்தில்தான்.

பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்று 1924இல் சென்னை சட்டமன்றம் தீர்மானம் போட்டபோது சீனிவாசன் அதில் உறுப்பினர். பூங்காவில் நாங்கள் உட்கார்ந்த இடம் யாரும் இரங்கிக் கொடுத்ததல்ல, போராடி வாங்கியது. அந்த நிம்மதி எல்லா ஊர்க் குளக்கரைகளிலும் கிடைக்கும்வரை அந்தத் தீர்மானத்துக்கு வேலை மிச்சம் இருக்கிறது.

சென்னை போகும் தோழர்களே, மெரினாவோடு திரும்பிவிடாதீர்கள். கிண்டியிலும் இறங்குங்கள்.