தீவுக்கொரு விளக்கு

அந்திப் பொழுதில் விளக்கேற்றி வைத்த பின்னரே மற்ற வேலைகளைக் கவனிப்பது நம் இல்லங்களின் மரபு. ஊர்விட்டு ஊர் வந்து கருநாடக மண்ணில் குடியேறிய பின்னும் நம் குடும்பங்கள் அம்மரபைக் கைவிடவில்லை. ஆயினும், பொத்தானை அழுத்தியதும் வந்து நிற்கும் மின்னொளி எங்கிருந்து வருகிறது, அதன் பொருட்டு யார் என்ன கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நாமும் எண்ணியதில்லை. ஒரு சித்திரை மாதத்து இரவு நம்மை எண்ண வைத்தது.

நாம் வாழும் வைட்ஃபீல்ட், 1882-ஆம் ஆண்டில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் குடியிருப்பாகத் தோன்றிய சிற்றூர். இன்றோ அடுக்குமாடிகள் வானளாவ நிற்கும் பெருநகர்ப் பகுதி. கோடைமழை இடியோடு இறங்கும் நாள்களில் மரக்கிளை முறிந்து கம்பிமேல் விழும். தெரு முழுவதும் இருளும். சில நொடிகளில் எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். லிஃப்ட் ஓடும், நடைவழி ஒளிரும். சுற்றிலும் இருட்கடல், நடுவே நாங்கள் மட்டும் ஒளித்தீவு.

இது வெறும் உவமையன்று. பெரிய மின்தொகுப்பிலிருந்து ஒரு பகுதி பிரிந்து தன் மின்சாரத்தில் தானே இயங்குவதைப் பொறியாளர்கள் தீவாதல் என்றே குறிப்பிடுகிறார்கள். எங்கள் கட்டடத்திலுள்ள இளம் பொறியாளர் ஒருவர் இதை விளக்கியபோது மற்றொன்றும் சொன்னார். கூரைமேல் பதித்த சூரியத் தகடுகள், நல்ல வெயிலே அடித்தாலும், ஊர்மின்சாரம் நின்றால் பொதுவாகத் தாமும் நின்றுவிடும். வெளியே கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் மேல் நம் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதே அதற்குக் காரணம். அன்று இதை ஒரு செய்தியாகக் கேட்டுக்கொண்டோம், அவ்வளவுதான்.

அவ்வாண்டு டீசல் செலவு ஏறிற்று. குடியிருப்போர் கூட்டத்தில் சிக்கனம் பேசப்பட்டது. சுற்றுச்சுவருக்கு வெளியே இருந்த காவலர் அறைக்குச் செல்லும் ஜெனரேட்டர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்றார் ஒருவர். அது வெளியில்தானே இருக்கிறது என்றனர் பிறர். கை உயர்த்தச் சொன்னார்கள். நாமும் உயர்த்தினோம்.

பிறகு வந்தது அந்தச் சித்திரை இரவு. மின்மாற்றியே பழுதாகி, விடியும்வரை ஊர்மின்சாரம் வரவில்லை. உறக்கம் வராமல் கீழே இறங்கி வாயிலுக்குச் சென்றோம். காவலர் அறை இருண்டு கிடந்தது. கைவிளக்கை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு, இருளில் கொசு விரட்டியபடி அவர் விழித்திருந்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்தவர். நம்மைக் கண்டதும் எழுந்து நின்று, "ஐயா, லிஃப்ட் ஓடுதுங்களா? அம்மாவால படி ஏற முடியாதே" என்று கேட்டார். ஓடுகிறது என்று மட்டும் சொல்லித் திரும்பினோம். அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

அன்றிரவு நம் பாட்டனார் நினைவுக்கு வந்தார். வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடிக் கோலார் தங்கவயலுக்குச் சென்று, சுரங்கத்தில் உழைத்துத் தேய்ந்தவர் அவர். வைட்ஃபீல்ட் வழியே பங்காருப்பேட்டை நோக்கி ஓடும் இரயிலைக் காணும்போதெல்லாம் அவரை நினைப்பது நம் வழக்கம். நிலத்தடியில் ஒருவன் விளக்கு அணைந்துவிட்டால், விளக்குள்ளவர் இருவர் முன்னும் பின்னும் நடக்க, அவனை நடுவில் விட்டு அழைத்து வருவார்களாம். "விளக்கு யாருடையது என்பது பேச்சல்ல, வழி எல்லாருக்கும் தெரிய வேண்டும்" என்பார்.

அத்தங்கவயலுக்கு மின்விசை ஈந்ததும் ஒரு தீவின் அருகிலுள்ள நிலையமே. காவிரி இருகிளையாகப் பிரிந்து சூழ்ந்தோடும் சிவனசமுத்திரம் அது. சீரங்கப்பட்டணம் ஆதியரங்கம், சிவனசமுத்திரம் மத்தியரங்கம், நம் திருவரங்கம் அந்தியரங்கம் என மூன்று ஆற்றுத்தீவுகளில் அரங்கன் பள்ளிகொண்டிருப்பதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவற்றுள் நடுவிலுள்ள தீவை ஒட்டி, ககனசுக்கி அருவிப் பக்கத்தில், 1902-ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று மின்னுற்பத்தி தொடங்கிற்று. அங்கிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் தங்கவயலை அடைந்தது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அதுவும் ஒன்று. காட்டுவழியே கனத்த இயந்திரங்களைக் கொண்டுசேர்க்க யானைகளும் மாட்டுவண்டிகளும் உழைத்தன. இத்திட்டத்துக்கு முன்னின்றவர் மைசூர்த் திவான் சேஷாத்திரி ஐயர். பாலக்காட்டில் பிறந்த தமிழர். 1901-லேயே காலமானதால், அவ்வொளியைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

தங்கத்துக்கு மின்சாரம் முதலில் போயிற்று; பெங்களூர்த் தெருவுக்கு 1905-இல்தான் வந்தது. விலை கொடுக்க வல்லவனை நோக்கியே ஒளி முதலில் நடக்கிறது. தங்கவயற் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன; ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. கோடையில் ஆற்றுநீர் குறைய, மின்சாரமும் குறைந்தது. அக்குறை நீக்குவதும் 1911-இல் வேலை தொடங்கிய கண்ணம்பாடி அணையின் நோக்கங்களுள் ஒன்று. சக்கரத்தைச் சுழற்றிய நீர் அதனால் குறைந்துவிடுவதில்லை என்பதும் இங்கே கருதத்தக்கது. ஒளி தந்த அதே நீர் மேட்டூருக்கு இறங்கி வயலுக்கும் பாய்கிறது. ஓர் ஊருக்குப் பயன்பட்டதால் மற்றோர் ஊருக்குப் பயன்படாமற் போகாத செல்வம் அது.

சிவனசமுத்திரம் வெளியூருக்கு ஒளி அனுப்பிய தீவு. கடல்நடுவேயுள்ள சிறு தீவுகளின் நிலையோ வேறு. நெடுந்தீவில் பிறந்த ஈழத்தமிழ் அன்பர் ஒருவர் நம்மோடு மாலையில் உலவுவதுண்டு. "எங்கட தீவில கரண்ட் நிண்டால் பக்கத்து ஊரில இருந்து வராது, நாங்கள்தான் உண்டாக்க வேணும்" என்பார். தீவின் மின்நிலையத்துக்கு உரிய இடர் முழுவதும் இவ்வொரு சொல்லில் அடங்கிவிடுகிறது. பெருநிலத்தில் ஒரு நிலையம் நின்றால் மற்றொன்று கைகொடுக்கும். தீவிலோ ஓர் இயந்திரம் பழுதானால் அதற்கு ஈடாக மற்றோர் இயந்திரத்தை எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். டீசல் படகில் வரவேண்டும். கடல் கொந்தளித்தால் படகு வராது. ஆதலால் தீவில் வாழ்பவன் ஒளியின் விலையை நன்கு அறிவான்.

வெயிலும் காற்றும் படகேறி வரத் தேவையில்லை. அதனால்தான் சிறு தீவுகள் இன்று அவற்றை நாடுகின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான கலப்பு மின்திட்ட ஒப்பந்தம் 2024 மார்ச் 1 அன்று கையெழுத்தாயிற்று. சூரிய ஒளியால் 1,700 கிலோவாட், காற்றால் 530 கிலோவாட், சேமித்து வைக்க 2,400 கிலோவாட்-மணி மின்கலத் தொகுதி, இவை கைவிடும் வேளைக்கு 2,500 கிலோவாட் டீசல் இயந்திரங்கள் என்பது திட்டம். செலவுக்கு இந்தியா அளிக்க முன்வந்த நன்கொடை 1.1 கோடி டாலர். பணியை ஏற்றது நம் பெங்களூரைச் சேர்ந்த நிறுவனம். அந்தமானிலும் இவ்வாறே: வட அந்தமானில் கல்பாங் ஓடையில் 5.25 மெகாவாட் புனல்மின் நிலையம் 2001-இல் தோன்றியது. நெய்வேலி நிறுவனம் 2020-இல் போர்ட் பிளேரில் 20 மெகாவாட் சூரிய நிலையத்தை மின்கலங்களோடு நிறுவி முடித்தது. அந்நகர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படுகிறது.

இவற்றையெல்லாம் நெடுந்தீவு அன்பரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, காவலர் அறையின் கதையையும் மறைக்காமல் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "ஐயா, அந்த அறைக்கு எவ்வளவு கரண்ட் செல்லும்?" என்று கேட்டார். தீவில் வளர்ந்தவர்க்கே தோன்றும் கேள்வி! வீடு திரும்பிக் கணக்கிட்டோம். ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் சேர்ந்து நூறு வாட்டுக்கு மேற்படா. பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ மூன்று யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஆக, அந்த நெடிய இரவில் நாங்கள் மிச்சப்படுத்தியது மூன்றிலொரு பங்கு லிட்டர் டீசல். அதன் பொருட்டு, நம்மைக் காப்பவரை இருளில் அமர்த்தினோம்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து இக்கணக்கைப் படித்தோம். முன்பு கையுயர்த்தியது தவறு என்பதையும் சொன்னோம். சொல்லும்போது நா சற்றுத் தடுமாறிற்று. சிலர் முகம் சுளித்தனர். சிலர் தலை குனிந்தனர். மறுவாரமே இணைப்பு மீண்டது. காவலர் நன்றி சொல்ல வந்தார். நாம் பறித்ததை நாமே திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி பெறுவது எவ்வளவு கடினம் என்பதை அன்று அறிந்தோம்.

அன்பர்களே, பிறந்த மண்ணைவிட்டு வந்த நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒருவகையில் ஒரு தீவே. நம் மொழியை, நம் மரபை, நம் விளக்கை நாமே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது தவறன்று. ஆனால் சுவருக்கு வெளியே ஒரு மனிதர் நிற்கிறார் என்பதைக் கூரைமேலுள்ள சூரியத் தகடுகூட அறிந்து நின்றுவிடுகிறது. கையுயர்த்தும் நாமும் ஒருகணம் நின்று, வெளியே நிற்பவர் யார் என்று பார்த்துவிட்டு உயர்த்துவோமாக.