பென்சில் குறி

எனக்கு 18 வயது முடிந்த மறுவாரம், ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஒருவர் காகிதக் கட்டோடு வீட்டுக்கு வந்தார். கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அப்பா பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார். குறி இருந்த இடத்திலெல்லாம் போட்டேன். அன்றிலிருந்து எங்கள் கொப்பரை வியாபாரத்தில் ஒரு பகுதி என் பெயரில் நடந்தது. வருமானவரிக் கணக்கு என் பெயரில் போனது. வங்கிக் கணக்கு என் பெயரில் இருந்தது. காசோலைப் புத்தகம் மட்டும் அப்பாவின் மேஜை இழுப்பறையில் இருந்தது. மாதம் ஒருமுறை அதில் பத்துத் தாள்களில் வெறுமனே கையெழுத்திட்டுத் தருவேன். எவ்வளவு பணம் வருகிறது, எங்கே போகிறது என்று கேட்டதில்லை. கேட்க எனக்குத் தேவையும் இருக்கவில்லை. கல்லூரிக்குக் கார் கொண்டுபோய் விட்டது, கார் கூட்டி வந்தது.

சொந்தக்காரர்கள் வந்தால் என்னைப் பற்றிச் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "வாயே தெறக்காத புள்ள." அம்மாவுக்கு அதைக் கேட்க அவ்வளவு பெருமை. எனக்கும் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெண்கள் பேசாமலிருப்பதை நாம் எப்போதும் பயம் என்றே எழுதுகிறோம். என் மௌனத்தில் பயம் கொஞ்சம்தான். எனக்காகப் பேச, விலை கேட்க, திட்ட, வரிசையில் நிற்க எப்போதும் வேறு யாரோ இருந்தார்கள் என்பதே மீதி.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் பக்கம் எங்கள் தோப்பு. 11 ஏக்கர், ஏக்கருக்கு எழுபது மரம் போல. பூர்வீகமில்லை, அப்பா வியாபாரத்தில் சம்பாதித்து இரண்டு தவணையாக வாங்கியது. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் வரும் முறை நாட்களில் ராத்திரி இரண்டு மணிக்கும் டார்ச் லைட்டோடு போய்விடுவார். 2019 ஐப்பசியில் ஒரு காலை மோட்டார் ரூம் திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோனதெல்லாம் ஒரு சடங்குக்குத்தான்.

எழவு வீட்டில் நான் அழவில்லை. "பாரு, எத்தனை தைரியமா இருக்குது" என்று அதற்கும் பாராட்டுக் கிடைத்தது. என் அறையைப் பெரியப்பா வீட்டாருக்குக் கொடுத்திருந்தார்கள். அழ இடமில்லை. குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கருமாதி முடிந்து இரண்டு மாதத்தில் வாரிசுச் சான்றிதழ் வந்தது. தாசில்தார் கையெழுத்தோடு ஒரு பக்கம். தாய், மனைவி, மகன், மகள் என்று நான்கு வரி. நாலாவது வரியில் நான். அண்ணன் பெயரும் என் பெயரும் ஒரே அளவு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்ததைப் பார்த்தது எனக்கு என்னவோ போலிருந்தது. கல்யாணப் பத்திரிகையில்கூட எங்கள் பெயர்கள் அப்படி வந்ததில்லை.

அந்த வாரமே பெரியவர்கள் கூடினார்கள். அம்மாவும் அப்பத்தாவும் நானும் எங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருவது என்று பேச்சு. குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத்தீர்வை குறைவு என்று மாமா சொன்னார். விட்டுக்கொடுப்பதற்கு அரசாங்கம் தரும் தள்ளுபடி! எனக்கு 150 பவுன் போடுவார்கள், கார் தருவார்கள், ஆயுசுக்கும் அண்ணன் சீர் செய்வான். யாரும் மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "நெலம் வெளிய போயிரக் கூடாது கண்ணு. நாளைக்கு நீ யாரக் கட்டிக்குவியோ" என்று பெரியப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் நிலமும் சாதியும் என் உடம்பும் ஒரே முடிச்சில் இருந்தன என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

சட்டத்தைப் பிறகுதான் படித்தேன். அப்பா உயில் எழுதவில்லை. தானே சம்பாதித்த சொத்தை ஓர் ஆண் உயில் எழுதாமல் விட்டுப் போனால் தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு என்பது 1956 முதலே இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் உரிமை என்று தமிழ்நாடு 1989-இல் திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களை அது விட்டுவிட்டது. நாடு முழுமைக்கும் அந்த உரிமை வர 2005 ஆயிற்று. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டதோ 1929-இல். நான் பிறந்தது 1995. எனக்கு வேண்டிய சட்டமெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. பி.காம். படித்து, வணிகச் சட்டத்தில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். வாரிசுரிமை எங்கள் பாடத்தில் இல்லை. வீட்டிலும் இல்லை.

அப்பத்தாவிடம் ஒரு சேலை இருந்தது. அரக்கு நிறம், ஜரிகை கறுத்துப்போனது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம், "நாலு ஏக்கர் சேல கண்ணு, பாத்து மடி" என்பார். சேலையின் நீளத்தைக் கேலியாகச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். பத்திரப் பேச்சு நடந்த இரவில் கேட்டேன். அப்பத்தாவின் அப்பா இறந்தது 1961-இல். அண்ணன் வந்து கூப்பிட்டார், போய்ப் பெருவிரல் ரேகை வைத்தார், அந்தத் தீவாளி நோம்பிக்கு இந்தச் சேலை வந்தது. அவர் பங்குக்கு வரவேண்டியது நாலு ஏக்கர். "வருசா வருசம் எடுத்துட்டு வந்தான், பொய் சொல்லக் கூடாது. அவன் போனப்பறம் நின்னு போச்சு. அவன் பசங்களுக்கு என்னைய அடையாளம் தெரியாது." கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, நின்றது என்பதுபோலச் சொன்னார். மறுநாள் அவரும் எங்களோடு காரில் ஏறினார், அண்ணனுக்கு ரேகை வைக்க.

பத்திர எழுத்தர் அலுவலகம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே. அம்மா எல்லாப் பக்கங்களிலும் போட்டு முடித்தார். அப்பத்தாவின் விரலில் மை தடவி ஒவ்வொரு தாளாக அழுத்தினார்கள். என் முறை வந்தது. தாள்களில் பென்சிலால் பெருக்கல் குறி. முதல் பக்கத்தில் போட்டுவிட்டேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பியபோது அப்பாவின் பெயர் கண்ணில் பட்டது. அதற்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது.

அவ்வளவுதான். மூன்று மாதமாக வராத அழுகை அங்கே, செராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில், முன்பின் தெரியாத மனிதர்களுக்கு நடுவில் வந்தது. இதை வீரக்கதையாகச் சொல்ல ஆசைதான். என் உரிமை நினைவுக்கு வந்து பேனாவைக் கீழே வைத்தேன் என்று எழுதினால் இந்தத் தொகுப்புக்குப் பொருத்தமாக இருக்கும். உண்மையில் நான் அப்பாவுக்காகத்தான் அழுதேன். இதில் கையெழுத்துப் போட்டால் அவர் செத்துவிட்டார் என்பதை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. அண்ணன் பதறிப்போய்த் தண்ணீர் வாங்கி வந்தான். "இன்னைக்கு வேண்டாம், புள்ள கூட்டிட்டுப் போலாம்" என்றான். அன்று அவன் அப்பா மாதிரியே இருந்தான்.

பத்திரத்தின் நகலை வாங்கிக்கொண்டு வந்து அறைக்கதவைச் சாத்திப் படித்தேன். யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், மனப்பூர்வமாக, முழுச் சம்மதத்துடன் நான் எழுதிக்கொடுப்பதாக அதில் இருந்தது. என் பெயரில் அத்தனை நீளமாக ஒரு பேச்சை நான் அதுவரை கேட்டதேயில்லை. நாலு நாள் அதையே படித்தேன். ஐந்தாம் நாள் காலை, காபி குடித்துக்கொண்டிருந்த அண்ணனிடம், "நான் போடலீங்ணா" என்றேன். தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனான். அதோடு என்னிடம் பேச்சு நின்றது.

அம்மாதான் பேசினார். அண்ணன் வேண்டுமா, தோப்பு வேண்டுமா என்றார். இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடியும் என்பது எனக்கு மட்டும் ஏன் என்று திருப்பிக் கேட்டேன். அழுதார். புருஷனை இழந்து மூன்று மாதமே ஆன ஒருத்தியை அழவைத்தேன். சட்டப் புத்தகத்தில் இதற்கு ஒரு பிரிவும் இல்லை.

வெற்றுக் காசோலைகளிலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அதே வேகத்தில் சொல்லிவிட்டேன். ரோஷம். மூன்றாவது வாரம், தோப்பில் தேங்காய் பொறுக்கிப்போடும் அக்கா பின்கட்டுக்கு வந்து நின்றார். இன்று அக்கா என்று எழுதுகிறேன். அம்மா வயதுள்ள அவரைச் சின்ன வயதிலிருந்து பெயர் சொல்லித்தான் கூப்பிட்டு வந்தேன். அவர் என்னைக் கூப்பிட்டது சின்னம்மிணி என்று. "நீங்க கையெழுத்துப் போடலீன்னு எங்களுக்குக் கூலி நிக்குதாமாங்க, சின்னம்மிணி." கூலி போவது என் பெயரிலிருந்த கணக்கிலிருந்து. ஏழு வருடம் அந்தக் கணக்கு என்னுடையது, எனக்குத் தெரியாது. என் உரிமைப் போராட்டத்தின் முதல் மூன்று வாரச் செலவைக் கொடுத்தது, பாகம் பிரிக்க ஒரு சென்ட் நிலமும் இல்லாத குடும்பங்கள். அன்று காசோலைப் புத்தகத்தை வாங்கி, பெயர், தொகை, தேதி எல்லாம் நானே எழுதினேன். எழுத்தில் தொகையை எந்த வரியில் எழுதுவது என்று ஒரு நிமிடம் தடுமாறினேன். எனக்கு 24 வயது.

பிறகு கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டு விடுதிக்கு வந்துவிட்டேன். இரண்டு தீபாவளிக்கு வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. விடுதியில் அறைத்தோழிக்கு அவள் அண்ணன் சேலை அனுப்பியிருந்தான். அவள் அதைப் பிரித்தபோது என் தொண்டை அடைத்தது. சீர் என்பது ஏமாற்று என்று எழுதிவிடலாம்தான். அண்ணன் கல்யாணத்தில் அவனுக்கு இணைச்சீர் செய்துகொண்டு நின்றது நான். கூறைச்சேலையை ஏந்திக் கை கடுத்தபோது, யாருக்கும் தெரியாமல் அவன் கீழிருந்து ஒரு கையால் தாங்கிக்கொண்டான். அதுவும் நடந்ததுதான்.

தோப்பு இன்னும் நாலு பேர் பெயரிலும் இருக்கிறது. அம்மாவும் அப்பத்தாவும் போட்ட அந்தப் பத்திரம் பதிவாகவே இல்லை. கணக்கு வேண்டும் என்று அண்ணிக்குத்தான் எழுதினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு காய்வெட்டு முடிந்ததும் எத்தனை காய், என்ன விலை, எவ்வளவு கூலி என்று வாட்ஸ்அப்பில் வரும். அண்ணியின் எண்ணிலிருந்து வந்தாலும் எழுதுவது அண்ணன் என்று தெரியும். அப்பாவைப் போல ஏழுக்குக் குறுக்கே கோடு போட்ட எண்களைத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறான்.

போன வெட்டுக் கணக்கின் அடியில் இரண்டு வரி கூடுதலாக இருந்தது. வேர் வாடல் நோய் வந்து ஒன்பது மரம் தேறாது, வெட்ட வேண்டும், சம்மதமா என்று.

எந்த வரிசை மரங்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.