முறிகண்டி வரைக்கும்

அக்காவுக்கு ஜனவரியில் இடமாற்றம் வந்தது. பரந்தனுக்கு அங்கால், ஏ9 வீதியில் இருந்து உள்ளுக்குப் போகிற ஒரு பள்ளிக்கூடம். எங்கள் வீட்டில் இருந்து 60 கிலோமீற்றருக்கு மேல். கிளிநொச்சிப் பக்கம் படிப்பிக்கிற ஆசிரியர்கள் சேர்ந்து பிடித்த வான் அந்த உள்வீதிக்குப் போகாது. அதனால் பஸ். விடிய 4.45க்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டு, சந்தியில் இறங்கி, பிறகு ஒரு ஓட்டோ. 7.30க்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். முதல் மாதத்தில் மூன்று தரம் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்து வைத்தா.

மகளுக்கு ஒன்றரை வயது. அக்கா வெளிக்கிடும்போதும் அவள் நித்திரை, வந்து சேர்ந்து குளித்துச் சாப்பிடும்போது அவள் திரும்பவும் நித்திரைக்குப் போகிற நேரம். ஒருநாள் இரவு கோப்பை கழுவிக்கொண்டு நின்ற அக்கா, "இண்டைக்கு அவள் அம்மாவைத்தான் அம்மா எண்டு கூப்பிட்டவள்" என்று சொன்னா. முதலில் எனக்கு விளங்கவில்லை. எங்கள் அம்மாவை, அதாவது அவளின் அம்மம்மாவை. அக்கா தண்ணியை நிற்பாட்டாமல் கழுவிக்கொண்டே நின்றா.

இவ்வளவுக்கும் வாசலில் கார் நிற்கிறது. அத்தான் கட்டாருக்குப் போகமுதல் வாங்கிவிட்ட பழைய வகன் ஆர். அக்காவுக்கு ஓடத் தெரியாது என்றும் இல்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆஸ்பத்திரி வீதிக்குள்ளால் ஓடுவா, திருநெல்வேலிச் சந்தையடியில் என்னைவிட வடிவாகப் பின்னுக்கு எடுத்து நிற்பாட்டுவா. ஆனால் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினால் கை வேர்த்துவிடும். யாழ்ப்பாணத்துக்குள் நாங்கள் கண்டி வீதி என்று சொல்வதும் ஏ9தான். அதே தார், அதே வெள்ளைக் கோடு. "அதே றோட்டுத்தானே அக்கா" என்று நான் பலதரம் சொல்லியிருக்கிறேன். பயந்தவர்களுக்குச் சொல்லக் கூடாத வசனங்களில் அது ஒன்று என்று இப்போது தெரிகிறது.

முதல் தரம் நான் கூட்டிக்கொண்டு போனது பெரிய பிழை. ஒரு சனிக்கிழமை பின்னேரம், நேரே கிளிநொச்சி வரைக்கும் போவோம், ஒரேயடியாகப் பயம் விட்டுப்போகும் என்று நினைத்தேன். நீச்சல் தெரியாதவரைக் கிணற்றுக்குள் தள்ளிவிடுகிற மூளை. போதாததுக்குக் கணக்கு வேறு சொன்னேன். "ஊருக்கு வெளியால காருக்கு 70தான் சட்டம். 70இல போனால் ஒரு செக்கனுக்கு 19 மீற்றர் போவம். எதிர்ல வாறவனும் அப்பிடி வந்தால் ரெண்டு பேருக்கும் இடையில செக்கனுக்கு 39 மீற்றர் குறையும். அதால கெதியா முடிவெடுக்க வேணும்." பௌதிகத்தில் நல்ல புள்ளி எடுத்த தம்பி சொல்கிற ஆறுதல்! கொடிகாமம் தாண்டி மிருசுவிலுக்குக் கிட்ட ஒரு தனியார் பஸ் லொறியை முந்திக்கொண்டு எங்கள் பக்கத்துக்கே வந்தது. நான் "பிறேக், பிறேக்" என்று கத்தினேன். அக்கா கரையில் நிற்பாட்டி, ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதா. திரும்பி வரும்போது நான்தான் ஓடினேன். வீட்டுக்கு வந்து சேரும் வரைக்கும் இருவரும் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு கிழமை அந்தக் கதையையே எடுக்கவில்லை.

அந்த இரண்டு கிழமைக்குள் எனக்கு ஒரு பழைய பயணம் ஞாபகம் வந்தது. காலியில் ஒரு கலியாணத்துக்குப் போனபோது தெற்கு அதிவேக வீதியில் போனோம். 100இல் கார் போகிறது, அக்கா முன் சீற்றில் இருந்து முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டு, "இப்பிடி றோட்டெண்டால் நானும் ஓடுவன்" என்று சொன்னா. அப்போது எல்லோரும் சிரித்தோம். இப்போது யோசித்தால் அதற்குள் விஷயம் இருந்தது. அந்த வீதி 2011இல் திறந்தது. எதிர்ப்பக்க வாகனங்களுக்கு வேறு பாதை, நடுவில் தடுப்பு. மாடு வராது, சைக்கிள் வராது, ஓட்டோ வராது. ஆகவே அக்காவுக்கு வேகம் பயமில்லை. நான் இவ்வளவு நாளும் "மெல்லமா ஓடினாக் காணும்" என்று சொன்னது முழுக்க வேறொரு பயத்துக்கான மருந்து.

பிறகு ஒரு ஞாயிறு காலை, "ஓட வேண்டாம், சும்மா பாத்துக்கொண்டு இருப்பம்" என்று சொல்லி, கொடிகாமம் வரைக்கும் நானே ஓடிக்கொண்டு போனேன். கரையில் ஒரு மர நிழலில் நிற்பாட்டிவிட்டு, போகிற வருகிற வாகனங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அரை மணித்தியாலம் இருக்கும். "அக்கா, உங்களுக்குச் சரியா என்னத்துக்குப் பயம்?" என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னா.

இரண்டு வருடத்துக்கு முதல் கொழும்பில் இருந்து இரவு வானில் வந்தோம். மாங்குளத்துக்கு அங்கால எங்கேயோ சாரதி கண் அயர்ந்துவிட்டார். வான் மெல்ல மெல்ல வலப்பக்கம் போனது. எதிரே லொறி வெளிச்சம். லொறிக்காரன் ஹோர்ண் அடித்துக்கொண்டு கரைக்கு இறக்கியதால்தான் தப்பினோம். முழுவதையும் பார்த்த ஆள் அக்கா மட்டும்தான். அவ முன் சீற்றில் இருந்தவ. "எனக்குக் கத்தக்கூட வரேல்லையடா. கையில ஒண்டும் இல்லை, காலில ஒண்டும் இல்லை. சும்மா பாத்துக்கொண்டு இருந்தனான்."

அதே வானில் நானும் இருந்தேன். பின் சீற்றில், வாயைத் திறந்துகொண்டு நித்திரை. விடிய வீட்டு வாசலில்தான் எழும்பினேன். ஆருக்கும் சொல்லாமல் இரண்டு வருடம் வைத்திருந்திருக்கிறா.

உளவியல் படிக்கிற என் கூட்டாளி ஒருத்தி, இப்படியான பயத்தைப் போக்கிற வழி நூறு வருடப் பழையது என்று சொன்னாள். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண், முயலுக்குப் பயந்த பீற்றர் என்ற சின்னப் பெடியனைப் பற்றி எழுதினா. பெடியன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க, முயலைத் தூரத்தில் வைத்து, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்திருக்கிறா. கடைசியில் அவனே முயலைத் தடவினானாம். "பாதியில திரும்பி ஓடினால் மட்டும் பயம் இன்னும் கூடும். ஏனெண்டால் ஓடினதாலதான் தப்பினன் எண்டு மூளை படிச்சிடும்" என்றும் சொன்னாள். நான் மிருசுவிலில் செய்வித்தது அதைத்தான். நடுங்கின இடத்திலேயே காரை வாங்கித் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு தொடங்கி, காலை 6 மணிக்கு, கொஞ்சம் கொஞ்சமாகப் போனோம். முதல் நாள் சாவகச்சேரி. அங்கே தேத்தண்ணி, வடை. அக்காவின் படபடப்பு அடங்கின பிறகுதான் திரும்பினோம். எவ்வளவு நேரம் எடுத்தாலும் திரும்பி ஓடுவதும் அக்காதான் என்பது ஒப்பந்தம். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது அக்கா போட்ட ஒப்பந்தம்! பதிலுக்கு, கண்ணில் படுவதை எல்லாம் அக்கா சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டேன். பிரித்தானியப் பொலிஸ் சாரதிகளுக்கு இப்படிப் பேசிக்கொண்டு ஓடப் பழக்குவார்கள் என்று வாசித்திருந்தேன். "முன்னால மோட்டச்சைக்கிள். இடப்பக்கம் மாடு, கட்டேல்ல. எதிர்ல லொறி, தூரம். தம்பி மூச்சு விடுறான் இல்லை." உண்மைதான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு, என் பக்கத்தில் இல்லாத பிறேக்கை மிதித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மாதான் பெரிய கஷ்டம். பத்து நிமிடத்துக்கு ஒருக்கா போன் எடுப்பா. "எங்க நிக்கிறியள்? கவனம். கவனம் பிள்ளையள்." அம்மாவைக் குறை சொல்லவும் ஏலாது. 2006 ஓகஸ்டில் ஏ9 பூட்டியபோது அப்பா வேலைக்காக வவுனியாவில் நின்றவர். மாதக்கணக்கில் அங்கேயே இருந்து, கடைசியில் திருகோணமலைக்குப் போய்க் கப்பல் ஏறித்தான் வீட்டுக்கு வந்தார். அம்மாவைப் பொறுத்தவரை அந்த வீதியால் போனவர்கள் எந்த நேரமும் மற்றப் பக்கத்தில் நின்றுவிடலாம். நாங்கள் அம்மாவோடு வாதாடவில்லை. போனை என்னிடம் தந்துவிட்டு, அக்கா கேட்காத மாதிரி ஓடினா.

மூன்றாம் ஞாயிறு முகமாலை தாண்டியது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்பு அறிவிப்புகளை அக்கா சத்தமாக வாசிக்கவில்லை. பளையில்தான் இந்தக் கதையின் முக்கியமான வேலை நடந்தது. ஏ9இல் ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியிலும் தார் போட்ட கொஞ்ச இடம் இருக்கிறது, தெரியுமா? சைக்கிள்காரர் போகிற இடம். பளைக்கு அங்கால வாகனம் குறைந்த ஒரு நீட்டில், ஒருவரும் எதிரே வராத நேரம் பார்த்து, இடப்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பது, காலை எடுப்பது, அந்தக் கோட்டுக்கு வெளியே மெல்ல இறங்குவது, திரும்ப ஏறுவது. இதையே பத்துப் பன்னிரண்டு தரம் செய்தோம். பார்த்தவர்கள் விசர் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த வானில் அக்காவுக்கு இல்லாமல் போனது இதுதான். செய்வதற்கு ஒரு வேலை.

லைசன்ஸ் எடுக்கும்போது இதையெல்லாம் ஒருவரும் சொல்லித் தருவதில்லை. எட்டுப் போடு, பின்னுக்கு எடு, கையெழுத்து வை, அவ்வளவுதான். எதிரே வருகிறவன் லைற் அடித்தால் "நான் வாறன், நீ விலத்து" என்று அர்த்தம். "நீ போ" என்று எடுத்தால் கதை முடிந்தது. முன்னால் போகிற லொறி இடப்பக்கச் சிக்னல் போட்டால் "முந்து" என்கிறான், வலப்பக்கம் போட்டால் "பொறு" என்கிறான். ஆனால் அவன் உண்மையாகவே திரும்பவும் கூடும். அதனால் அவன் சொல்வதை நம்பி மட்டும் முந்தக் கூடாது. இவற்றை எனக்குச் சொல்லித் தந்தவர் வான் ஓடுகிற ஒரு மாமா. அக்காவுக்கு நான் சொல்ல, அவ தன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குறிப்புக் கொடுக்கிற மாதிரித் திருப்பிச் சொன்னா.

ஆனையிறவுக்கு வந்த நாள் காற்று பேய்க்காற்று. இரண்டு பக்கமும் தண்ணீர், வகன் ஆர் வெறும் தகரப் பேணி மாதிரி ஆடும். பாலம் தாண்டிப் பரந்தன் பக்கம் போகும்போது அது நடந்தது. எதிரே ஒரு லொறி, அதற்குப் பின்னால் இருந்து ஒரு பஸ் வெளியே எட்டிப் பார்த்தது, லைற் அடித்தது, வந்தேவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு நேரமும் இருக்கவில்லை. அக்கா, "பஸ். எங்கட பக்கம். கண்ணாடி. சைக்கிள் இல்லை. இறங்கிறன்" என்று வாசிப்பது போலச் சொல்லிக்கொண்டே இறங்கினா. பஸ் கடந்துபோன காற்றில் கார் ஒருக்கா தூக்கிப்போட்டது. திரும்ப ஏறினா. கொஞ்சத் தூரம் போன பிறகு, "பாத்தியா?" என்றா. அவ்வளவுதான். பரந்தன் சந்தியில் நிற்பாட்டி இறங்கியபோது அவவின் கை நடுங்கியது. எனக்கு வலக்கால் பிடித்துக்கொண்டு நிமிர்த்த ஏலாமல் இருந்தது.

ஐந்தாம் ஞாயிறு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தோம். பூட்டின கேற்றுக்கு முன்னால் ஒரு ஆடு படுத்திருந்தது. நேரம் இருந்தது. "முறிகண்டி வரைக்கும் போவமா?" என்று அக்காவே கேட்டா. தென்பக்கம் போகிற வாகனமெல்லாம் பிள்ளையாருக்கு இறங்கிக் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போகிற இடம். சின்னனில் அப்பாவோடு வந்தால் எங்களுக்குப் பிள்ளையாரைவிடக் கச்சான்தான் முக்கியம். அக்கா தேங்காய் உடைத்தா. நான் கச்சான் வாங்கினேன், மூன்று பை. வரும் வழியெல்லாம் உடைத்து உடைத்து அவவின் கையில் கொடுத்தேன். பீற்றருக்கு என்ன கொடுத்தார்களோ, எங்கள் முயலுக்கு இதுதான்.

ஆனால் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை எனக்கு இருந்தது. பக்கத்து சீற்றில் நான் இருக்கும் வரைக்கும் அக்கா ஓடுவா. நான் இறங்க வேண்டும். அதை நான் நாலு நாள் பின்போட்டேன், அக்கா அல்ல. வெள்ளிக்கிழமை விடிய 5.50க்கு அவ தனிய வெளிக்கிட்டா. அம்மா படத்துக்கு முன்னால். நான் வாசலில் நின்று, போனைக் கையில் வைத்துக்கொண்டு, அழைக்காமல் இருந்தேன். அம்மா பத்து நிமிடத்துக்கு ஒருக்கா ஏன் எடுத்தா என்று அன்றைக்கு விளங்கியது. 7.12க்கு ஒரு படம் வந்தது. வரவுப் புத்தகம். சிவப்புக் கோடு இன்னும் போடவில்லை.

இப்போது ஒவ்வொரு நாளும் அப்படித்தான். பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அக்கா பஸ்ஸை முந்துவதில்லை, லொறியை முந்துவதில்லை. உழவு இயந்திரத்தை மட்டும், அதுவும் முறிகோடு போட்ட இடத்தில், முன்னால் கிலோமீற்றர்க் கணக்கில் வெளித்தால் முந்துவா. அதனால் கொஞ்சம் பிந்தித்தான் வருவா. கிழமையில் ஒரு நாளாவது மகள் எழும்பி, வாசலில் நின்று கை காட்டுகிறாள். இரவில் அக்கா இன்னும் ஓடுவதில்லை. மாரி மழைக்கு என்ன செய்வது என்றும் யோசிக்க வேண்டும்.

சித்தப்பா வீடு வவுனியாவில். ஓகஸ்ட் விடுமுறைக்கு எல்லோருமாக அங்கே போவதாகக் கதை நடக்கிறது. மாங்குளம் தாண்டித்தான் போக வேண்டும். ஆர் ஓடுவது என்று வீட்டில் இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.