பனை விருந்து: எலப்புள்ளி நாட்குறிப்பு

ஏப்ரல் 19, சித்திரை 6

குழந்தைகளின் பிறந்தநாளை ஒரு கருப்பொருளைச் சுற்றி அமைக்கும் வழக்கம், அதாவது அழைப்பிதழ், அலங்காரம், விளையாட்டு, தின்பண்டம் ஆகிய யாவும் கடலையோ காட்டையோ விண்வெளியையோ நினைவூட்டும்படி திட்டமிடும் வழக்கம், நகரங்களைக் கடந்து சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கடைகளில் இதற்கெனத் தொகுப்பாகக் கிடைக்கும் பொருள்கள் ஒரு மாலைப் பொழுதுக்கு மேல் நிலைப்பதில்லை என்பதோடு, அவற்றில் குழந்தை தன் கையால் செய்ய எதுவும் மிஞ்சுவதுமில்லை. பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படும் எலப்புள்ளியில், வயல் வரப்புகளில் நிற்கும் கரும்பனையே ஒரு முழு விருந்துக்குரிய கருப்பொருளாக அமையத்தகும் என்பது இக்குறிப்புகளின் துணிபு. ஏப்ரல், மே மாதங்கள் கேரளப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறையாகவும் நுங்குப் பருவமாகவும் ஒருசேர அமைவதால், ஏழு வயது நிறையும் ஒரு சிறுமியின் பிறந்தநாளுக்காக இவ்வூர் வீடொன்றில் நடைபெறும் ஆயத்தங்கள் இங்கே பதிவாகின்றன.

மரத்தின் தகுதிக்கு வரலாறும் துணை நிற்கிறது. தொல்காப்பியம் மூவேந்தர்க்குரிய பூக்களைக் கூறும்போது சோழர்க்கு ஆத்தியையும் பாண்டியர்க்கு வேம்பையும் சேரர்க்குப் போந்தையையும், அதாவது பனம்பூவையும், உரியதாக்குகிறது. சேர நாட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள் முடி சூட்ட வேண்டுமாயின், பளபளக்கும் அட்டை முடியைவிட ஓலைமுடியே பொருத்தமுடையது.

ஏப்ரல் 20, சித்திரை 7

விருந்துப் பொருள்களுக்குச் சட்டமும் எல்லை வகுத்துள்ளது. ஒருமுறை மட்டுமே பயன்படும் நெகிழிப் பொருள்கள் சிலவற்றுக்கு இந்தியா முழுவதும் 2022 ஜூலை 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. அப்பட்டியலில் பலூனைத் தாங்கும் நெகிழிக் குச்சி, நெகிழிக் கொடி, மிட்டாய்க் குச்சி, அலங்காரத்துக்கான தெர்மகோல், நெகிழித் தட்டு, கிண்ணம், கரண்டி, உறிஞ்சுகுழல், இனிப்புப் பெட்டியைச் சுற்றும் மெல்லிய தாள் ஆகியவை இடம்பெற்றுள்ளன. ஏறக்குறைய ஒரு பிறந்தநாள் விழாவின் கொள்முதல் பட்டியலைப் போலவே இது அமைந்திருப்பதைப் பெற்றோர் பலர் இன்னும் கவனிக்கவில்லை.

இன்று ஓலை இறக்கப்பட்டது. விரியாத இளம் ஓலையாகிய குருத்தோலை வெளிறி, மென்மையாக, மடித்த இடத்தில் முறியாமல் இருக்கும்; ஆயினும் மரத்தின் வளர்ச்சி குருத்தைச் சார்ந்திருப்பதால், விளையாட்டுப் பொருளுக்காக ஒரே மரத்தின் குருத்துகளைத் தொடர்ந்து வெட்டுவது முறையன்று. விரிந்த பச்சோலை ஒன்றிரண்டே இவ்விருந்துக்குப் போதும். ஓலையின் காம்பாகிய மட்டையின் இரு ஓரங்களிலும் கருக்கு எனப்படும் வாள்பல் போன்ற கூர்முனைகள் உள்ளன; பெரியவர்கள் அரிவாளால் மட்டையை முழுவதும் நீக்கிய பிறகே ஓலை குழந்தைகளின் கைக்கு வர வேண்டும். முற்றத்தில் ஓலையை விரிக்க முயன்ற சிறுவனிடம் வீட்டின் அம்மிச்சி, “வெய்யில்ல போடாத கண்ணு, சுருண்டுக்கும், திண்ணையில போடு” என்று சொன்னது தொழில்நுட்பமாகவும் சரியானதே. நிழலில் வாடிய ஓலை தட்டையாக நிற்கும். மிகவும் உலர்ந்துவிட்டால் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் மீண்டும் வளையும்.

ஏப்ரல் 21, சித்திரை 8

அழைப்பிதழ்கள். நான்கு விரற்கடை அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள ஓலை நறுக்குகளில், மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதி, விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசித் துணியால் துடைத்தால், கீறலில் மட்டும் கரி தங்கி எழுத்து கறுப்பாகத் தெரியும். எழுத்தாணியால் கீறி மையிட்ட பழைய சுவடிகளின் முறையும் இதுவே. பேனாவை நிறுத்தி அழுத்தும் இடத்தில் ஓலை துளைபடுவதைக் குழந்தைகள் தாமே கண்டார்கள். ஓலைச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குரிய புள்ளி பெரும்பாலும் இடப்படாததற்குக் கூறப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று என்பதை, பள்ளிப் பாடத்தில் படிப்பதைவிட இத்தகைய பொழுதில் அறிவது நன்கு பதிகிறது.

நிறம் தேவைப்பட்டபோது மஞ்சள் கரைத்த நீர் தடவப்பட்டது. அது காய்ந்ததும், சமையல் சோடா கலந்த நீரில் நனைத்த ஈர்க்கால் கோலமிட்டால், கோடு செல்லும் வழியெல்லாம் மஞ்சள் செந்நிறமாக மாறுகிறது. மஞ்சளிலுள்ள நிறப்பொருளாகிய குர்குமின் காரத்தன்மையுள்ள பொருளோடு சேரும்போது நிறம் மாறும் இயல்புடையது என்பதே இதன் விளக்கம். வெற்றிலைச் சுண்ணாம்பும் இதே விளைவைத் தரும். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெருந்தீங்கு நேரும் என்பதால் குழந்தைகள் கூடும் இடத்தில் அதற்கு இடமில்லை.

ஏப்ரல் 22, சித்திரை 9

காற்றாடி செய்யும் நாள். இரண்டு விரல் அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள இரு ஓலைத் துண்டுகள் எடுக்கப்பட்டு, ஒன்றின் நடுவில் இணையான இரு கீறல்கள் இடப்பட்டு, மற்றொன்று அக்கீறல்களின் வழியே நுழைக்கப்பட்டால் கூட்டல் குறி வடிவில் நான்கு இறகுகள் கிடைக்கின்றன. ஒவ்வோர் இறகும் சிறிது முறுக்கப்பட வேண்டும். எல்லா முறுக்கும் ஒரே சுற்றுத் திசையில் இருத்தல் இன்றியமையாதது, ஏனெனில் ஓர் இறகு மாறிச் சாய்ந்தாலும் அது மற்றவற்றின் விசையை எதிர்த்துச் சுழற்சியைத் தளர்த்திவிடும். பிறகு நடுவில் கருவேல முள் ஒன்றைச் செலுத்தி, முள்ளின் பின்புறம் சிறு ஓலைச் சில்லொன்றைக் கோத்து, அதன் முனையைச் சோளத்தட்டையில் குத்த வேண்டும். அச்சில்லு இல்லாவிடில் இறகுகள் தட்டையோடு உராய்ந்து நின்றுவிடுகின்றன. இன்று சுழலாத காற்றாடிகளுள் பெரும்பாலானவற்றின் குறை இதுவாகவே இருந்தது. அதைக் கண்டறிந்தவர்களும் குழந்தைகளே.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் இவ்வூர் உள்ளது. அருகிலுள்ள கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியம் ஒவ்வொன்றும் 225 கிலோவாட் திறனுள்ள 9 காற்றாலைகளை 1990களில் நிறுவியதும் கணவாய் வழியே வீசும் காற்றை நம்பியே. கையிலுள்ள காற்றாடியும் அந்தக் காற்றாலையும் இறகின் சாய்வாலேயே சுழல்கின்றன என்று சொன்னால் ஏழு வயதுக் குழந்தைக்கும் விளங்குகிறது. ஊர்ப்புற விளையாட்டுப் பொருள்களை அறிவியல் கருவிகளாக மதித்துத் தொகுத்த அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் சுதர்சன் கன்னா, தீக்குச்சியையும் பழைய தாளையும் கொண்டு ஆய்வுக்கூடம் அமைக்கலாம் என்று காட்டிய அரவிந்த் குப்தா ஆகியோரின் பணி இங்கே நினைக்கத்தக்கது.

கிலுகிலுப்பைக்கு நான்கு ஓலை நறுக்குகள் பெட்டியாக முடையப்பட்டு உள்ளே ஓசைக்காகப் புளியங்கொட்டை இடப்பட்டது. அழகுக்காகக் குன்றிமணி இடுவாரும் உண்டு. குன்றிமணியின் உள்ளே ஆப்ரின் என்னும் கொடிய நச்சு இருப்பதால், ஓலை பிரிந்து மணி வாய்க்குச் செல்லும் வாய்ப்பை எண்ணி அதை அறவே விலக்க வேண்டும்.

ஏப்ரல் 24, சித்திரை 11

நுங்கு வண்டி செய்வதற்கான காய்கள் வந்தன. பொதுவாக ஒரு காயில் மூன்று கண்கள் இருக்கும்; தலைப்பகுதியைச் சீவி, கட்டைவிரலால் கண்களிலிருந்து நுங்கைத் தோண்டி உண்ட பின் எஞ்சும் கோந்தை உருண்டையாக, கனமாக, சக்கரத்துக்கு ஏற்றதாக இருக்கிறது. இரு கோந்தைகளைக் குறுகிய குச்சியொன்று அச்சாக இணைக்க, நீண்ட கவட்டைக் கம்பின் கவை அவ்வச்சின் நடுவில் அமர, தள்ளினால் வண்டி ஓடுகிறது. பட்டினப்பாலையில் குதிரையின்றிச் சிறுவர் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. பிள்ளைத்தமிழும் ஆண்பாற்குரிய இறுதிப் பருவங்களுள் ஒன்றாகச் சிறுதேரை வைத்துப் பாடுகிறது. அந்நூல்களின் தேர் செல்வர் வீட்டுக்குரியது, நுங்கு வண்டியோ காய் தின்ற எவர்க்கும் உரியது. இவ்வேறுபாட்டினாலேயே பின்னது பெருமைக்குரியது.

ஏப்ரல் 25, சித்திரை 12

தின்பண்டங்களுள் முதன்மையானது பனையோலைக் கொழுக்கட்டை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதிகளில் இது கார்த்திகைத் திருநாளுக்குரியது. ஓலை கிடைக்கும் எக்காலத்திலும் செய்யத் தடையில்லை. வறுத்த அரிசிமாவு இரண்டு பங்கு, வறுத்து வேகவைத்த சிறுபயறு அரைப் பங்கு, தேங்காய்த் துருவல் முக்கால் பங்கு, சிறிது ஏலக்காயும் சுக்கும் சேர்த்து, ஒரு பங்கு கருப்பட்டியை நீரில் கரைத்து மண் போக வடிகட்டிக் கொதிக்கவைத்த பாகை ஊற்றிப் பிசைய வேண்டும். கருப்பட்டியை வடிகட்டாமல் விடுவது பல்லில் மணல் நெறிபடுவதற்கே வழி. ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிய இளவோலையின் மடிப்புக்குள் மாவை வைத்து மூடி, ஓலை நாராலேயே கட்டி, இட்லிப் பானையில் இருபது நிமிடம் அவித்தால், ஓலையின் மணம் மாவுக்குள் இறங்கிவிடும். மாவு வைப்பதும் நார் கட்டுவதும் குழந்தைகளின் பணி, பாகும் அடுப்பும் பெரியவர்களின் பணி என்று பிரித்துக்கொண்டதால் வேலை இடரின்றி முடிந்தது.

பலாப்பழக் காலமும் இதுவாதலால், அரைத்த சுளை, அரிசிமாவு, வெல்லம் மூன்றையும் பிசைந்து வாழையிலையில் தட்டி மடித்து அவிக்கும் இலையடையும் பட்டியலில் சேர்ந்தது. குடிக்க நன்னாரி சர்பத்; அதில் துவர்ப்புத் தோல் உரித்த இளநுங்கு பிசைந்து இடப்படும். முற்றிய நுங்கு வயிற்றுவலி தரும் என்பதால், விரலால் அழுத்தினால் குழையும் நுங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஏப்ரல் 26, சித்திரை 13

மாலை நான்கரை மணிக்கு வெயில் தணிந்த பின் விருந்து தொடங்கியது. ஓலைமுடி சூடிய சிறுமி முதல் வண்டியைத் தள்ள, களத்தில் பந்தயம் நடந்தது. அச்சு கழன்ற வண்டியை நின்று பூட்டிக்கொண்டு மீண்டும் ஓடலாம் என்ற விதி, சிறு குழந்தைகளும் இறுதிவரை விளையாட்டில் நிற்க உதவியது. தேக்கிலைகளில் பரிமாறப்பட்ட கொழுக்கட்டையின் கட்டைக் குழந்தைகள் தாமே அவிழ்த்து உண்டனர். விருந்தினர்க்குத் தருவதற்கெனத் தனிப் பரிசு எதுவும் வாங்கப்படவில்லை. ஒவ்வொருவரும் தாம் செய்த காற்றாடியையும் கிலுகிலுப்பையையும் கொண்டு சென்றனர். எஞ்சிய கோந்தைகள் வெட்டப்பட்டு மாட்டுத் தொட்டிக்கும், ஓலைத் துணுக்குகள் எருக்குழிக்கும் சென்றன.

ஏப்ரல் 27, சித்திரை 14

பிற மாதங்களில் பிறந்த குழந்தைகளைப் பற்றி இரு பெற்றோர் இன்று வினவினர். ஆவணியில் நுங்கு இராது. ஆனால் பழுத்து விழும் பனம்பழத்தைச் சுட்டுப் பிழிந்த சாற்றில் அரிசிமாவு கலந்து பணியாரம் சுடலாம். அப்பழக் கொட்டைகளை மணல் மேட்டில் நெருக்கமாகப் புதைத்து வைத்தால் தை மாதத்தில் பனங்கிழங்கு கிடைக்கும். கணவாய் வழியே வறண்ட கீழைக்காற்று வலுத்து வீசும் மார்கழி, தை மாதங்களில் அவித்த கிழங்கோடு காற்றாடி ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டாலும் ஒரு மாலை நிறையும். கொட்டை புதைக்க வீட்டின் கிழக்கு வரப்போரம் இடம் பார்க்கப்பட்டது.